உரிமையாளர் இல்லாத குரல்

மடிக்கணினித் திரையில் ஜெயசீலன் பாடிக்கொண்டிருந்தார். சுகந்தியின் காதில் விழுந்தது வேறொருவரின் குரல்.

முதல் சரணம் முடியும்வரை அது அவளுக்குத் தெரியவில்லை. பல வருஷம் எதுவும் கேட்காமல் கிடந்த காது அது. உள்ளே கேட்கும் கருவி வைத்துத் தையல் பிரித்து, பேச்சுக்கும் மிக்சி சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மெல்ல மெல்லப் பழகி, இனிமேல் பாட்டுக் கேட்கலாம் என்று கிளினிக்கில் சொன்ன அன்று, அவள் முதலில் எடுத்தது கணவரின் கச்சேரி வீடியோவைத்தான். மணப்பாறையில் ஏதோ ஒரு கல்யாண வரவேற்பு. கத்தரிப்பூ நிறச் சட்டை. பின்னால் 'மெலடி கிங்ஸ்' பேனர். வாயசைவும் குரலும் இம்மி பிசகாமல் பொருந்தின. வயலின்கள் மழை மாதிரி இறங்கின. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

மெலடி கிங்ஸில் வயலின்காரரே கிடையாது. இன்னாசி அண்ணனின் ஒற்றைக் கீபோர்டுதான் சகலமும்.

மறுநாள் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தில்லைநகர் கிளினிக்குக்குப் போனாள். அவளுடைய கருவியைப் பார்த்துக்கொள்கிற நஸ்ரீன் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "இது ரிப்பேர் இல்ல ஆன்ட்டி, சட்டம்" என்றாள்.

"என் காதுக்குள்ள என்னம்மா சட்டம்?"

"உள்ள இருக்கறது காது இல்லையே, கம்ப்யூட்டர்தானே. கேட்புரிமைச் சட்டம் வந்தப்புறம், காதுல மாட்டுற எந்தக் கருவியா இருந்தாலும் அனுமதியில்லாம பாடின பாட்டை அப்படியே கொடுக்கக் கூடாது. ஆரம்பத்துல ஊமையாக்கிப் பார்த்தாங்க. கல்யாண வீடியோ பூரா எல்லாரும் வாயை வாயை அசைச்சாங்க. ஜனங்க கத்தித் தீர்த்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. நகல்னு தெரிஞ்சா அதை எடுத்துட்டு அந்த இடத்துல அசலை வெச்சுடும். 'எதையும் பறிக்கலை, நல்ல பிரதியா மாத்தித் தர்றோம்'னு விளம்பரம்கூடப் போட்டாங்களே."

"நல்ல பிரதி" என்றாள் சுகந்தி.

"ம்."

"பாட்டு அவங்களோடதுதான். இல்லேங்கலை. குரல் எங்க வீட்டுக்காரரோடதும்மா."

நஸ்ரீன் மேசைமேல் கிடந்த தன் இயர்பட்ஸை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். "இதைப் போட்டுக் கேட்டா எனக்கும் அப்படித்தான் கேக்கும். கழட்டி வெச்சுட்டா வெறுங்காது. சட்டம் அதைத் தொடாது. உங்களுக்கு…" என்று இழுத்து நிறுத்தினாள்.

"அந்தப் பூட்டை எடுக்க முடியாதா?"

"எடுத்தா கருவியே நின்னுடும் ஆன்ட்டி."

சுகந்தி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "உனக்கு வெறுங்காதுதானே. நீ கேட்டுச் சொல்லு. குரல் எப்படியிருக்கு?"

நஸ்ரீன் தலையைச் சாய்த்து, முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "சூப்பரா பாடறாரு ஆன்ட்டி. அப்படியே அந்த சினிமாப் பாடகர் மாதிரியே…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஜெயசீலன் உயிரோடு இருந்த நாளெல்லாம் உழைத்தார். அப்படியே அசல் மாதிரி. பாடகர் எந்த இடத்தில் மூச்சு விடுவார், எந்த எழுத்தை மூக்கால் சொல்வார், எங்கே லேசாகச் சிரிப்பார் என்று ஒவ்வொரு பாட்டையும் துணி துவைக்கிற மாதிரி அடித்து அலசிப் பழகுவார். இப்போது கேட்கிற எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் குரல் எப்படி இருந்தது என்று சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க" என்றாள் நஸ்ரீன். "அங்கிள் இவ்வளவு சுத்தமா பாடியிருக்கக் கூடாது. நான் குளிக்கறப்போ பாடுவேன் பாருங்க, அது பாட்டுன்னே இந்த மெஷினுக்குத் தெரியாது. போனாப் போகுதுன்னு விட்டுடும். அவர் எப்பவாவது தப்பா பாடியிருக்காரா?"

"அவரா? தப்பாவா?" சுகந்தி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் துறையூர் ஞாபகம் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஜெயசீலன் பேசுகிற ஆள் இல்லை. போனில் அவர் விட்டுப்போன குரல் பதிவுகளைக் கருவி வைத்த வாரத்திலேயே கேட்டுவிட்டாள். "கிளம்பிட்டேன்." "சாவி ஜன்னல்ல." "சாப்பிட்டுடு." யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவர் பேச வேண்டியதையெல்லாம் பாட்டில்தான் பேசினார், அதுவும் இன்னொருவர் குரலில். கல்யாணமான புதிதில் அவள் கேட்பாள், "ஒரு தடவை உங்க குரல்ல பாடுங்களேன். யாரும் இல்லைல்ல, நான்தானே இருக்கேன்." அவர் காய்ந்த துணியை மடிப்பதையோ, குக்கருக்கு விசில் போடுவதையோ ஒரு சாக்காக வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஒருமுறை மட்டும் சொன்னார்: "என் குரல்ல ஒண்ணுமில்லை சுகந்தி. கேட்டா ஏமாந்துடுவே."

அவளும் வற்புறுத்தவில்லை. நாள் கிடக்கிறது என்று நினைத்தாள். பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது காதுகள் இரண்டும் அடைந்துவிட்டிருந்தன. கருவியெல்லாம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது மனசுக்குள் அவரைப் பாடவிட்டாலும் அசல் பாடகரின் குரல்தான் வருகிறது. கருவி காதோடு நிற்கவில்லை.

துறையூர்க் கல்யாணம் காது போன அடுத்த தை மாதம். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அவளையும் அழைத்துப் போயிருந்தார். அவள் முன்வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள். டிரம்ஸ் அடி கைக்கு வரும். அதை வைத்து எந்தப் பாட்டு என்று ஊகிப்பாள். அது ஒரு விளையாட்டு. அன்று வரவேற்பின் நடுவில் ஒரு பாட்டில் அடி சட்டென்று நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தாள். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தார். இன்னாசி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஜெயசீலன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். மேடையில் அவர் கண்ணை மூடி அவள் பார்த்ததே இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கையை வீசிக் கத்தினார். அடி நின்ற பிறகும் கைக்கடியில் நூல் இழை மாதிரி ஒரு அதிர்வு மட்டும் இருந்தது. ஜெனரேட்டராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

என்ன ஆயிற்று என்று அவள் வண்டியில் கேட்டதற்கு, அவர் போனில் தட்டிக் காட்டினார்: மைக் தகராறு.

இன்னாசி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"அதை ஏன் இப்ப கிளர்றே?" என்றார் இன்னாசி. பாலக்கரையில் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார். "அவன் மானம் போன நாள் தங்கச்சி அது. எங்க எல்லாருக்கும் போச்சு. நல்லா பாடினதெல்லாம் ஆயிரம் கெடக்கு, எடுத்துத் தர்றேன்."

"நல்லா பாடினது எதுவும் எனக்குக் கேக்காதுண்ணே."

அவள் நஸ்ரீன் சொன்னதைச் சொன்னாள். இன்னாசி மோவாயைத் தடவிக்கொண்டே கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்தபடியே உள்ளே போனாள்.

"செத்தவனை மறுபடியும் மேடையேத்தி அவமானப்படுத்தணுமா?"

"எனக்கு அவமானம் பெரிசில்லண்ணே. எனக்கு அவர் குரல் மறந்துபோச்சு."

இன்னாசி காப்பியை எடுத்து ஆற்றினார். பிறகு தலையணை உறையால் மூடி வைத்திருந்த பழைய கணினியின் பக்கம் கண்ணைக் காட்டினார். "பந்தியில கேட்டுப் பாப்போம். உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாதே. போன தடவை நோட்டீஸ் வந்தப்போ கீபோர்டைத் தூக்கி எடைக்குப் போடக் கிளம்பிட்டா."

பந்தி என்பது ஒரு கூட்டம். ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிறவர்கள். பழைய கச்சேரிகள், கோயில் திருவிழா மெல்லிசைகள், யாரும் காசு கொடுத்து வாங்காத, எந்தக் கம்பெனியும் விற்காத பதிவுகளைத் தங்கள் கணினிகளிலிருந்து ஒருவருக்கொருவர் நேரடியாகக் கொடுத்துக்கொள்கிறவர்கள். சட்டப்படி அவர்கள் எல்லோரும் திருடர்கள்.

"பந்தியில உக்காந்தா என்ன முறை?" என்றார் இன்னாசி. "நம்ம சாப்பாடு முடிஞ்சாலும் பக்கத்து எலைக்காரன் முடிக்காம எந்திரிக்கக் கூடாது. இங்கயும் அதுதான். ஒரு பாட்டு நமக்கு வந்து சேந்துச்சுன்னா, அடுத்த ஆள் ஒருத்தருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் மெஷினை அணைக்கக் கூடாது. அந்த ஒரு ஒழுங்குலதான் இத்தனை வருஷமா பொழைச்சுக் கெடக்கு. நடுவுல எல்லாத்தையும் சேத்து வெச்ச பெரிய பொட்டின்னு ஒண்ணு இருந்தா கம்பெனிக்காரன் எப்பவோ வந்து பூட்டியிருப்பான்."

அவர் ஒற்றை விரலால் தட்டினார்: துறையூர், தை மாதக் கல்யாணம், மெலடி கிங்ஸ் கச்சேரி. பாடகர் சொதப்பிய பாட்டு மட்டும் வேண்டும்.

சாயங்காலத்துக்குள் பதில்கள் வந்தன. 'நல்லா பாடினதைத் தேடுறவங்களைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கோம்' என்று ஒருவர். 'எங்க ஊர்ல சொதப்பாத பாடகரே கெடையாது. மூட்டையா அனுப்பவா?' என்று இன்னொருவர். சுகந்தி சிரித்தாள். பிறகு பல நாள் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் பிடித்துப் பாலக்கரைக்கு வருவாள், திரையைப் பார்ப்பாள், போவாள். இன்னாசி உதட்டைப் பிதுக்குவார்.

ஒருநாள் அவள் நுழையும்போதே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். "பொண்ணு வந்திருக்கு."

"எந்தப் பொண்ணு?"

"கல்யாணப் பொண்ணே!"

தேன்மொழி என்று பெயர். மலேசியாவில், கிள்ளானில் இருந்தாள். எழுதியிருந்தாள்: 'அது எங்க கல்யாணத்தைக் கெடுத்த பாட்டு. இவர் இன்னமும் கிண்டல் பண்ணுவார். அதனாலேயே பத்திரமா வெச்சிருக்கோம். உங்களுக்கு எதுக்கு?'

சுகந்தியே உட்கார்ந்து தட்டினாள். 'பாடினவர் என் வீட்டுக்காரர். இப்போது இல்லை.'

பதில் வந்தது: 'மன்னிச்சுக்குங்க அக்கா. கத்தினது எங்க சித்தப்பாதான்.' கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: 'முன்னாடி ஸ்பீக்கரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது நீங்களா? வீடியோல இருக்கீங்க.'

பாட்டு துண்டு துண்டாக வந்தது, வரிசையில்லாமல். முடிவு முதலில் வரும், நடுவில் கொஞ்சம் வரும். முழுசாகச் சேராமல் திறக்காது. தேன்மொழி வேலைக்குப் போய்விட்டால் நின்றுவிடும். அவள் வீடு திரும்பினால் நகரும். கடைசித் துண்டுக்கு முன்னால் அப்படியே நின்று சனி, ஞாயிறு முழுக்க அசையவில்லை. குடும்பத்தோடு எங்கோ போயிருந்தார்களாம். சுகந்தி நாற்காலியைத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னாசி பேப்பர் படிப்பார், தூங்குவார், எழுந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார். கணவர் கச்சேரி முடிந்து திரும்புகிற வேளையில் இப்படித்தான் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு இனிப்பானது என்று அப்போது தெரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது.

"தங்கச்சி," என்றார் இன்னாசி, எலிக்குட்டி மாதிரி இருந்த சுட்டியின்மேல் கையை வைத்தபடி. "நல்லா இருக்காது. மனசைத் தயார் பண்ணிக்க."

"போடுங்கண்ணே."

முன்னிசை தொடங்கியது. அவளுக்கு வயலின்கள் கேட்டன, அதே மழை. திரையில் இன்னாசியின் விரல்கள் கீபோர்டில் ஓடின. ஜெயசீலன் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். அசல் பாடகரின் குரல் பளிங்கு மாதிரி எழுந்தது. இதுவும் போச்சு என்று நினைத்தாள் சுகந்தி.

ஆனால் திரையில் அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பளிங்குக் குரல் ஒரு வரி பாடியது, தடுமாறியது, அதே வரியை மறுபடி தொடங்கியது, எதையோ தேடுகிற மாதிரி நின்றது. ஒரு கரகரப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததற்குள் கல்யாண மண்டபம் திடுமென்று புகுந்தது. நாற்காலி இழுபடுகிற சத்தம். ஒரு குழந்தை அழுகை. தூரத்தில் பாத்திரம். யாரோ, "என்னப்பா இது?" என்கிற குரல். எல்லாவற்றுக்கும் நடுவில், தாழ்வாக, கொஞ்சம் கரடாக, பேசுகிற மாதிரி ஒருவர் பாடினார்.

தெரிந்த வார்த்தைகள்தான். ஆனால் அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நீளமாகச் சும்மா இருந்தார், பதில் வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. மெட்டு எங்கெங்கோ திரும்பியது. திரும்பிய இடமெல்லாம் அவருக்குத் தெரிந்த இடமாக இருந்தது. கீபோர்டு நின்றது. டிரம்ஸ் நின்றது. குரல் நிற்கவில்லை. அழவில்லை, உடையவில்லை, அவசரப்படவும் இல்லை. சித்தப்பா எழுந்து, "பாட்டை நிறுத்துய்யா!" என்று கத்தியபோதுகூட, எடுத்த வரியை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். திறந்ததும் பார்த்தது முன்வரிசையை. ஒலிபெருக்கிப் பெட்டிமேல் கைவைத்து, ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சுகந்தியை.

வீடியோ முடிந்தது. தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"அவன் தப்பா பாடலை" என்றார் இன்னாசி. "அன்னைக்கு எனக்குக் கோவத்துல காது அடைச்சுப் போச்சு. இவன் சுதியை ரெண்டு கட்டை எறக்கிட்டான் தங்கச்சி. அசலோட சுதி அவனுக்கு ஒசரம். காலம் பூரா எக்கி எக்கித்தான் பாடினான். இது அவன் பேசுற கட்டை."

சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடையேறும்போது என்கிட்ட ஒண்ணு கேட்டான். காது போன பொண்டாட்டியை நெனைச்சு வேதனையில கேக்குறான்னு நெனைச்சேன்." இன்னாசி பனியன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'அவளுக்குச் சுத்தமா கேக்காதுல்லண்ணே?'ன்னு கேட்டான்."

அவள் மடியில் போன் ஒளிர்ந்தது. கருவியிலிருந்து வந்த தகவல்.

'அடையாளம் தெரியாத பாடல் கேட்கப்பட்டது. பதிவேட்டில் உரிமையாளர் எவரும் இல்லை. நீங்கள் உரிமை கோருகிறீர்களா?'

இன்னாசி எட்டிப் பார்த்தார். "ஆமான்னு போடு. உன்னோடதுதானே. நீ போடலேன்னா நாளைக்கே எவனாவது கம்பெனிக்காரன் இதுவும் எங்க பாட்டோட நகல்தான்னு எழுதிப் போட்டுடுவான். அப்புறம் இதுலயும் உனக்கு அந்த வயலின்தான் கேக்கும்."

"ஆமான்னு போட்டா?"

"உன்கிட்ட மட்டும் இருக்கும். அந்தப் பொண்ணுகிட்டகூட இருக்கக் கூடாது."

சுகந்தி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒளி மங்கியது. விரலால் தொட்டு மறுபடி எழுப்பினாள்.

"எனக்குன்னு பாடலையேண்ணே" என்றாள். "எனக்குக் கேக்காதுன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பாடினாரு. அதை எப்படி நான் என்னோடதும்பேன்?"

'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இன்னாசி கணினியை அணைக்கக் கையை நீட்டினார். அவள் தடுத்தாள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. யாரோ, எந்த ஊரிலோ, சொதப்பிய பாட்டைக் கேட்டு இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிக்கக் கூடாதுல்ல?"

"கூடாது" என்றார் இன்னாசி.

அவள் நாற்காலியை ஒலிபெருக்கிப் பக்கம் நகர்த்திப் போட்டாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கருவியின் வெளித் துண்டைக் கழற்றி மடியில் வைத்தாள். ஐஸ் வண்டி மணி நின்றது. விசிறிச் சத்தம் நின்றது. இன்னாசியின் உதடுகள் மட்டும் எதையோ கேட்டன.

"மறுபடியும் போடுங்கண்ணே."

உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தாள். முதலில் டிரம்ஸ் வந்தது, பழைய சிநேகிதர் தோளில் தட்டுகிற மாதிரி. பிறகு அடி சட்டென்று நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

நூல் இழை மாதிரி, கைக்கடியில், அது இருந்தது.